மாணவர் கட்டணத்தில் டிக்கெட் எடுத்தால் மைல்ஸ் சேருமா? யாழ்ப்பாணத்திலிருந்து மான்செஸ்டர், முதல் பயணம்

கொக்குவில்_மாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற செப்டெம்பரில் மான்செஸ்டரில் மாஸ்டர்ஸ் தொடங்குகிறேன். எங்கள் வீட்டில் அப்பா ஒருமுறை பலாலியிலிருந்து சென்னைக்குப் போய் வந்ததைத் தவிர யாருக்கும் விமானப் பயணம் பழக்கமில்லை. ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், எது சரி என்று எனக்குப் பிடிபடவில்லை.

போன கிழமை அப்பாவும் நானும் டவுனில் ஒரு ஏஜென்சிக்குப் போனோம். கட்டுநாயக்காவிலிருந்து தோஹா வழியாகக் கட்டார் ஏர்வேஸில் ஒருவழி டிக்கெட், மாணவர் கட்டணம், 40 கிலோ, 178,000 ரூபாய் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து அதே நாளில் அதே விமானத்தை நிறுவனத்தின் தளத்தில் பார்த்தேன், 175,000 காட்டியது, ஆனால் 30 கிலோதான். மாணவர் கழகத்தில் சேர்ந்தால் 10 வீதம் குறையும், 10 கிலோ கூடும் என்றும் அங்கேயே இருக்கிறது. அப்படியென்றால் 17,500 ரூபாய் குறைய வேண்டும். ஏற்கெனவே படிப்புக் கட்டணத்துக்கு அம்மாவின் நகை வங்கியில் இருக்கிறது, அதனால் எங்களுக்கு இது சின்னக் காசு இல்லை.

கனடாவில் இருக்கும் பெரிய மாமா மைல்ஸ், அதாவது பறக்கப் பறக்க விமான நிறுவனம் நம் கணக்கில் போடும், பிறகு டிக்கெட்டுக்குப் பாவிக்கக்கூடிய புள்ளி, சேர்க்கச் சொல்லித் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சர்வதேச மாணவர் அட்டை எடுத்துக்கொண்டு மாணவர்களுக்கென்றே இருக்கும் எஸ்.டி.ஏ. என்ற பயண முகவரிடம் போகட்டாம், அவர் படித்த காலத்தில் அப்படித்தான் செய்தாராம். ஏஜென்சியில் மைல்ஸ் பற்றிக் கேட்டபோது, மாணவர் கட்டணத்துக்கு மைல்ஸ் வராது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். உண்மையா? வருமென்றால் எந்த நிறுவனத்தில் கணக்குத் திறப்பது? பட்டமளிப்புக்கு அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்பது என் பெரிய ஆசை, இப்போதே மைல்ஸ் சேர்க்கத் தொடங்கினால் அதற்கு ஏதாவது உதவுமா என்றுதான் கேட்கிறேன். அப்புறம், ஸ்ரீலங்கன் நேரே லண்டன் ஹீத்ரோவுக்குப் போகிறதே, அதில் போய் அங்கிருந்து மான்செஸ்டருக்குப் பஸ்ஸில் போவது நல்லதா?

விசா இன்னும் வரவில்லை.

———

உரும்பிராய்_மான்செஸ்டர் எழுதியது:

தங்கச்சி, நான் மூன்று வருடத்துக்கு முன் உங்களைப் போலவே இங்கே வந்தவன், இப்போது வேலை செய்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 10 வீதம். அது மொத்த விலையில் குறையாது, அடிப்படைக் கட்டணத்தில் மட்டும்தான் குறையும். விமான நிலைய வரி, நிறுவனம் போடும் மேலதிகக் கட்டணம் இவற்றில் ஒரு சதம்கூடக் கழிக்க மாட்டார்கள். தளத்தில் பணம் கட்டும் பக்கத்துக்கு முன் விலை விபரம் என்று ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், அதை அழுத்திப் பாருங்கள். உங்கள் 175,000-இல் அடிப்படைக் கட்டணம் 120,000 என்றும் மற்றது 55,000 என்றும் வைத்துக்கொண்டால் குறைவது 12,000, நீங்கள் கட்டுவது 163,000. அப்படிப் பார்த்தாலும் ஏஜென்சி விலையை விட 15,000 குறைவு, அதே 40 கிலோ. ஆனால் இதை வைத்து உடனே முடிவெடுக்க வேண்டாம், கீழேயும் வாசியுங்கள்.

மாணவர் கட்டணத்துக்கு மைல்ஸ் வராது என்பது சரியான பதில் இல்லை. மைல்ஸ் வருமா, எவ்வளவு வரும் என்பதை டிக்கெட்டில் இருக்கும் ஒரு எழுத்துத்தான் தீர்மானிக்கிறது. விமான இலக்கத்துக்குப் பக்கத்தில் வகுப்பு என்ற இடத்தில் கே, கியூ, என், ஓ என்று தனி எழுத்து ஒன்று இருக்கும். எல்லாமே எகானமிதான், இருக்கை ஒன்று, சாப்பாடும் ஒன்று, ஆனால் ஒரு எழுத்துக்குப் பறந்த தூரத்தில் முழுவதும் கிடைக்கும், இன்னொன்றுக்குக் கால்வாசி, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. கட்டுநாயக்கா-தோஹா, தோஹா-மான்செஸ்டர் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 5,600 மைல் வரும். கால்வாசி என்றால் 1,400 மைல்ஸ், முழுவதும் என்றால் 5,600. இவ்வளவு வித்தியாசம் அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது. ஆகவே ஏஜென்சியில் போய் மைல்ஸ் வருமா என்று கேட்காமல் இது என்ன வகுப்பு எழுத்து என்று கேளுங்கள், கேட்டுவிட்டு நீங்களே நிறுவனத்தின் மைல்ஸ் பக்கத்தில் பாருங்கள். எல்லா நிறுவனமும் தூரத்தை வைத்துக் கொடுப்பதும் இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023 ஒக்டோபரிலிருந்து தன் சொந்த டிக்கெட்டுகளுக்கு நாம் செலவழித்த காசை வைத்துத்தான் புள்ளி கொடுக்கிறது, அந்த முறையில் மலிவு டிக்கெட்டுக்கு மலிவான புள்ளிதான்.

கட்டார் ஏர்வேஸின் மாணவர் கழகத்தில் சேர 18-இலிருந்து 30 வயதுக்குள் இருக்க வேண்டும், அதோடு பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கு ஆதாரம் வேண்டும். முதலில் பிரிவிலேஜ் கிளப் என்ற அவர்களின் மைல்ஸ் கணக்கைத் திறந்து, பிறகு அதற்குள் மாணவராகப் பதிய வேண்டும். அதைச் சரிபார்த்த பிறகுதான் சலுகைக் குறியீடு வரும். டிக்கெட் எடுக்கிற அன்று இரவு இதைத் தொடங்கினால் அவதிப்படுவீர்கள், இன்றைக்கே செய்து வையுங்கள். அந்தக் குறியீட்டை அவர்களின் தளத்திலும் செயலியிலும் மட்டும்தான் பாவிக்கலாம். எமிரேட்ஸிலும் மாணவர் சலுகை இருக்கிறது, அங்கே தளத்தில் சலுகைக் குறியீட்டுக் கட்டத்தில் ஸ்டூடன்ட் என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும், 10 வீதம் வரை குறைவும் மேலதிகப் பொதியும் தருவார்கள். அவர்களும் மான்செஸ்டருக்கு நேரே வருகிறார்கள். அந்தச் சலுகைக்குப் பயணத் திகதி எல்லை இருக்கும், பார்த்து எடுங்கள். செக்-இன்னில் மாணவர் ஆதாரம் கேட்கலாம், பல்கலைக்கழகக் கடிதத்தைக் கைப்பையில் அச்சடித்தே வைத்திருங்கள்.

ஹீத்ரோ வழியாக வர வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். நான் அப்படித்தான் வந்தேன். பதினொரு மணித்தியாலம் பறந்த களைப்போடு, இரண்டு பெரிய சூட்கேஸ், ஒரு முதுகுப்பை, தெரியாத ஊரில் பஸ் தேடி, மழையில் நனைந்து, இரவு பதினொன்றுக்கு அறைச் சாவி வாங்கப் போனால் அலுவலகம் பூட்டியிருந்தது. மான்செஸ்டரிலேயே இறங்குங்கள்.

———

டிக்கெட்_மேசை எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பயண முகவர் நிலையத்தில் ஒன்பது வருடமாக டிக்கெட் போடுகிறேன். மேலே அண்ணா சொன்னது பெரும்பாலும் சரி. ஏஜென்சிப் பக்கத்தையும் சொல்ல வேண்டும், சனம் 15,000 ரூபாயைப் பார்த்துவிட்டுப் பிறகு 60,000 இழந்ததையும் இந்த மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

நாங்கள் கொடுக்கும் மாணவர் கட்டணமும் தளத்தில் வரும் சலுகைக் குறியீடும் வெவ்வேறு. எங்களுடையது நிறுவனம் முகவர்களுக்கென்று தனியாக வைத்திருக்கும் கட்டணம், கிலோ அதிலேயே சேர்ந்து வரும். தளத்துக் குறியீட்டை எங்களால் போட முடியாது. சில நாட்களில் எங்களுடையது மலிவு, சில நாட்களில் தளம் மலிவு, அதனால் இரண்டையும் ஒரே நாளில் ஒப்பிட வேண்டும். நீங்கள் செய்தது சரி.

விசா வரவில்லை என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள் தங்கச்சி, முதல் வரியாக எழுத வேண்டியது அது. பிரித்தானிய மாணவர் விசாவுக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்தால் வழமையாக மூன்று கிழமை என்கிறார்கள், ஓகஸ்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவதால் மனது பதறும். அந்தப் பதற்றத்தில் மிக மலிவான, மாற்ற முடியாத டிக்கெட்டை எடுத்துவிட்டால், விசா இரண்டு நாள் பிந்தினாலும் காசு போய்விடும். எங்கே எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். திகதி மாற்றினால் எவ்வளவு, விசா மறுத்தால் எவ்வளவு திரும்ப வரும், விமானத்துக்கு வராமல் விட்டால் என்ன. திகதி மாற்றம் இலவசம் என்றால்கூட, புதிய நாளில் கட்டணம் கூடியிருந்தால் அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். செப்டெம்பர் முதல் இரண்டு கிழமையில் அது பெரும்பாலும் கூடியிருக்கும்.

பதிவு வேறு, டிக்கெட் வேறு. ஆறு எழுத்துக் குறியீடு ஒன்றை வட்சப்பில் அனுப்பிவிட்டு டிக்கெட் போட்டாயிற்று என்று சிலர் சொல்வார்கள், அது வெறும் இடம் பிடித்து வைத்ததுதான். 13 இலக்கம் கொண்ட ஈ-டிக்கெட் எண் வந்தால்தான் உங்கள் காசு நிறுவனத்துக்குப் போனது. அதன் முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைக் காட்டும்: கட்டாருக்கு 157, எமிரேட்ஸுக்கு 176, ஸ்ரீலங்கனுக்கு 603. காசு கட்டிய அன்றே அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள், வாங்கி நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். மைல்ஸ் எண் இருந்தால் எங்களிடம் சொன்னால் பதிவிலேயே சேர்த்துவிடுவோம், அதற்குக் காசு இல்லை. ஏஜென்சியில் ஏன் வராது என்கிறார்கள் என்றால், பலருக்கு அது வேண்டாத வேலை. என் தொழில்காரரைப் பற்றி இப்படிச் சொல்லக் கவலையாகத்தான் இருக்கிறது.

மாமா சொன்ன எஸ்.டி.ஏ. 2020 ஓகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. அவர் சொன்ன சர்வதேச மாணவர் அட்டை, அதாவது ஐ.எஸ்.ஐ.சி., இன்னும் இருக்கிறது, அருங்காட்சியகம் போன்ற இடங்களில் உதவும், ஆனால் நிறுவனத்தின் நேரடி மாணவர் சலுகைக்குப் பல்கலைக்கழகக் கடிதமே போதும்.

தளத்தில் எடுப்பதென்றால் அட்டை யாருடையது என்று பாருங்கள். நம்முடைய பல வீடுகளில் கடன் அட்டை இல்லை, லண்டனில் இருக்கும் சித்தப்பாவின் அட்டையில் எடுப்பார்கள். சில நிறுவனங்கள் அட்டைக்காரர் வேறு ஆள் என்றால் செக்-இன்னில் அட்டையைக் காட்டச் சொல்லும், அல்லது முன்கூட்டியே அவரின் ஒப்புதலைச் சரிபார்க்கச் சொல்லும். அதையும் முதலே கேட்டுவிடுங்கள்.

பலாலியிலிருந்து சென்னை போய் அங்கிருந்து போகலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள், கட்டுநாயக்காவுக்கு இரவிரவாகப் போவது மிச்சம் என்று. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் பொதியை எடுத்து வெளியே வந்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். பலாலிக்கு வருவது சிறிய ஏ.டி.ஆர். விமானம், அதன் பொதி அளவும் உங்கள் 40 கிலோவும் ஒத்துப்போகாது. முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பில்லை. மாணவர்களுக்கு நான் இதைப் போட்டுக் கொடுப்பதில்லை.

———

மெல்பேர்ன்_அக்கா எழுதியது:

தங்கச்சி, எல்லோரும் காசைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் பெயரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதில்தான் அடிபட்டேன்.

எங்கள் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும், மற்றப் பெயர்கள் என்ற இடத்தில் நம் பெயர். நான் மைல்ஸ் கணக்குத் திறக்கும்போது, பள்ளிக்கூடத்தில் எழுதுவது போல அப்பாவின் பெயரை முதலிலும் என் பெயரைக் கடைசியிலும் போட்டுவிட்டேன். டிக்கெட்டிலோ கடவுச்சீட்டில் இருப்பது போல மாறி இருந்தது. விமானத்தில் ஏறுவதற்கு எந்தப் பிரச்சினையும் வரவில்லை. ஆனால் கட்டுநாயக்கா போய் வந்தது, நடுவில் தம்பியின் கலியாணத்துக்குப் போய் வந்தது என்று இரண்டு வருடத்தில் நான்கு தரம் பறந்தும் கணக்கில் பூச்சியம். பெயர் பொருந்தாததால் கணினி ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்டிருக்கிறது, எனக்கு ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. நானும் பிறகு வரும் பிறகு வரும் என்று இருந்துவிட்டேன்.

எழுதிக் கேட்டபோது பயணம் முடிந்து ஆறு மாதத்துக்குள் கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். நல்ல காலம், போர்டிங் பாஸ்களை அம்மா கொடுத்துவிட்ட பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்தேன். கடைசிப் பயணத்தின் இரண்டு துண்டுகளையும் கடவுச்சீட்டுப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினேன். பெயரைத் திருத்தி அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் கொடுத்தார்கள். மற்ற மூன்றும் போனது போனதுதான். அந்த மைல்ஸ் இருந்திருந்தால் அப்பா உயிரோடு இருக்கும்போது ஒருமுறை இங்கே கூப்பிட்டிருப்பேன் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அதனால் கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கிறதே, அம்புமுனை போன்ற குறிகளோடு, அதை எடுத்துப் பாருங்கள். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு ஒரு பெயர், பிறகு இரண்டு அம்புமுனை சேர்ந்து வரும், அதற்குப் பிறகு மற்றப் பெயர்கள். இரட்டை அம்புமுனைக்கு முன்னால் இருப்பதுதான் விமான நிறுவனத்துக்குக் குடும்பப் பெயர். மைல்ஸ் கணக்கு, மாணவர் பதிவு, டிக்கெட் மூன்றிலும் ஒரே வரிசையில், ஒரே எழுத்துக் கூட்டலில் இருக்க வேண்டும். முதலெழுத்து மட்டும் போடாதீர்கள். பல்கலைக்கழகக் கடிதத்தில் பெயர் வேறு மாதிரி இருந்தால் இப்போதே எழுதித் திருத்துங்கள். போர்டிங் பாஸில் நம்முடைய நீண்ட பெயர்கள் நடுவில் வெட்டுப்பட்டும், மிஸ் என்பது பெயரோடு ஒட்டியும் வரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

———

கொக்குவில்_மாணவி எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்த உடனே கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன், அந்த இரட்டை அம்புமுனையும் இருக்கிறது. ஏஜென்சி தந்த பதிவுத் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் பெயர் மாறித்தான் இருக்கிறது, அப்பாவின் பெயர் என் பெயராகவும் என் பெயர் குடும்பப் பெயராகவும். கை நடுங்கிவிட்டது. அப்பா உடனே போன் எடுத்தார், இன்னும் டிக்கெட் போடவில்லை, திருத்தித் தருகிறோம் என்றார்கள். உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன் அக்கா.

இன்னும் ஒரு கேள்வி. கட்டாரில் கணக்குத் திறந்துவிட்டு அடுத்த வருடம் ஸ்ரீலங்கனில் வந்தால் அந்த மைல்ஸ் எங்கே போகும்? ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு கணக்கா?

———

உரும்பிராய்_மான்செஸ்டர் எழுதியது:

இல்லை, சிதறவிடாதீர்கள். ஸ்ரீலங்கன் 2014 மே மாதத்தில் வன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனங்களின் கூட்டணியில் சேர்ந்தது. கட்டார், பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தே பசிபிக், மலேசியா ஏர்லைன்ஸ், குவாண்டாஸ் எல்லாம் அதே கூட்டணி. ஸ்ரீலங்கனில் பறந்தாலும் உங்கள் கட்டார் கணக்கு எண்ணைக் கொடுக்கலாம், அங்கேயே சேரும். இங்கேயும் வகுப்பு எழுத்துத்தான் அளவைத் தீர்மானிக்கும், ஒரே பயணத்தை இரண்டு கணக்கில் போட முடியாது. கட்டார் 2022-இலிருந்து ஏவியோஸ் என்ற புள்ளியைக் கொடுக்கிறது, பிரிட்டிஷ் ஏர்வேஸும் அதே ஏவியோஸ்தான், இரண்டு கணக்கையும் இணைத்தால் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றலாம். நீங்கள் இங்கே இருக்கப் போவதால் அது உதவும். எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை, ஸ்கைவார்ட்ஸ் என்ற அவர்களின் மைல்ஸ் கணக்கு தனி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஸ்டார் அலையன்ஸ் என்ற வேறு கூட்டணி, மெல்பேர்ன் பக்கம் போகிறவர்களுக்கு அது பொருந்தும், உங்களுக்கு அல்ல.

அம்மாவின் டிக்கெட் விஷயத்தில் உங்களுக்கு வீண் நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. ஒரு மாணவி வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வருவதால் மட்டும் ஒரு முழு டிக்கெட்டுக்கான மைல்ஸ் சேர்ந்துவிடாது. சேர்ந்தாலும் வரியும் மேலதிகக் கட்டணமும் காசாகக் கட்ட வேண்டும், இங்கே வருகிற வழியில் அது கணிசமான தொகை. ஆனால் குடும்பக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது, வீட்டு ஆட்கள் எல்லோரின் புள்ளியையும் ஒன்றாகச் சேர்க்கலாம், கட்டாரிலும் எமிரேட்ஸிலும் உண்டு. பிறகு இங்கே வேலை கிடைத்து, ஏவியோஸ் தரும் கடைகளில் வாங்கினால் மெல்ல மெல்ல ஏறும். அது மட்டுமில்லை, ஏவியோஸ் 36 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால்தான் காலாவதியாகும், சின்னதாக ஒன்று சேர்த்தாலும் கணக்கு உயிரோடு இருக்கும். ஸ்கைவார்ட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிறிஸ்ஃபிளையர் போன்றவற்றில் சேர்த்து மூன்று வருடம்தான், பாவிக்காவிட்டால் போய்விடும். ஒரு மாணவிக்கு முதல் வகைதான் நல்லது என்று நினைக்கிறேன்.

———

இணுவில்_அப்பா எழுதியது:

பிள்ளை, நான் இரண்டு பிள்ளைகளை வெளியில் அனுப்பியவன், மூத்தவன் டொரொண்டோ, இளையவள் லெஸ்டர். தம்பி சொன்ன ஒன்றோடு நான் ஒத்துப்போகவில்லை. ஹீத்ரோவுக்கு நேரே போவது பிழை இல்லை. முதல் தரம் தனியாகப் போகிற பெண்பிள்ளை, நடுவில் இறங்கி மாறுவது இல்லை, கட்டுநாயக்காவில் ஏற்றிவிட்டால் அங்கே இறங்கும் வரை பொதி உங்களோடேயே வரும். என் மகள் அப்படித்தான் போனாள். ஆனால் ஹீத்ரோவில் அவளைக் கூட்டிப்போக என் தங்கை வந்து நின்றா. உங்களுக்கு அப்படி ஆள் இருந்தால் ஹீத்ரோ, இல்லாவிட்டால் தம்பி சொன்னதுதான் சரி, மான்செஸ்டரிலேயே இறங்குங்கள்.

கிலோவைப் பற்றி யாரும் வடிவாகச் சொல்லவில்லை. 15,000 ரூபாயை விடப் பெரிய காசு அதில் இருக்கிறது. கவுண்டரில் மேலதிகமாக ஒவ்வொரு கிலோவுக்கும் அவர்கள் கேட்கிற காசைக் கேட்டால் தலை சுற்றும். மகனை அனுப்பியபோது நான்கு கிலோ கூடிவிட்டது, கட்டுநாயக்காவில் தரையில் இருந்து சூட்கேஸைத் திறந்து, மனைவி ஒரு மாதமாக இடித்து வறுத்துத் திரித்த மிளகாய்த்தூளை வெளியே எடுத்தோம். அவ அழுதா. அவனை அனுப்புகிற கவலையைவிட அந்தத் தூள்பையைத் திருப்பிக் கொண்டு வருகிற கவலை பெரிதாக இருந்தது. அதனால் வீட்டில் தராசு வைத்து நிறுங்கள், 38 கிலோவில் நிறுத்துங்கள். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது, 40 கிலோ என்றால் இரண்டு பெட்டியாகப் பிரியுங்கள். கனடாப் பக்கம் கிலோக் கணக்கு இல்லை, பெட்டிக் கணக்கு, இரண்டு பெட்டி 23 கிலோப்படி, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வெளிக்கிட்டால் விடியப்புறம் போய்ச் சேருவீர்கள். காலை விமானம் என்றால் அதை நம்ப வேண்டாம், முதல் நாளே நீர்கொழும்பில் போய் நின்றுகொள்ளுங்கள். வாடகை வான் என்றாலும் இரவோட்டம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

———

கொக்குவில்_மாணவி எழுதியது:

விசா போன புதன்கிழமை வந்துவிட்டது! அதனால் இங்கே வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

மாணவர் கழகத்தில் பதிந்து குறியீடு வர நான்கு நாள் எடுத்தது. அதற்குள் தளத்து விலை 6,000 ரூபாய் ஏறிவிட்டது, அடிப்படைக் கட்டணமும் அண்ணா எடுத்துக்காட்டுக்குச் சொன்னதைவிடக் குறைவு, 10 வீதம் என்பது 11,000 ரூபாய்தான் வந்தது. மொத்தம் 170,000, 40 கிலோ. ஏஜென்சி விலை அதே 178,000-இல் இருந்தது. அப்பா ஏஜென்சியிலேயே எடுப்போம், நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் போய்க் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்றார். நான் திகதி மாற்றக் கட்டணத்தையும் வகுப்பு எழுத்தையும் இரண்டு பக்கமும் எழுதி அவருக்குக் காட்டினேன். ஏஜென்சியின் எழுத்துக்குக் கால்வாசி மைல்ஸ், தளத்தில் இருந்ததற்கு அரைவாசி. கடைசியில் தளத்திலேயே எடுத்தோம், அட்டை சின்னம்மாவுடையது. அவவின் ஒப்புதல் கடிதமும் அட்டையின் படமும் வைத்திருக்கிறேன். டிக்கெட் எண் 157-இல் தொடங்குகிறது, பெயரும் கடவுச்சீட்டில் இருப்பது போலவே. ஏஜென்சி அண்ணாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம், அவர் கோபப்படவில்லை, பெட்டி நிறுக்க வேண்டுமென்றால் கடைக்குக் கொண்டு வரச் சொன்னார்.

அம்மாவும் அப்பாவும் பிரிவிலேஜ் கிளப்பில் தங்கள் பெயரில் கணக்குத் திறந்துவிட்டார்கள். அம்மா கணக்கு எண்ணை நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறா.

இப்போது வீட்டில் பனங்கட்டியும் பருத்தித்துறை வடையும் அடுக்குகிறார்கள். நெல்லி ரசப் போத்தலைக் கைப்பையில் வைக்கலாமா என்று அம்மா கேட்கிறா, அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

———

டிக்கெட்_மேசை எழுதியது:

கைப்பையில் வேண்டாம். 100 மில்லிலீற்றருக்கு மேல் எந்தத் திரவமும் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், கட்டுநாயக்காவில் தப்பினாலும் தோஹாவில் மறுபடி சோதிப்பார்கள். மூடியை இறுக்கி, செலோடேப் சுற்றி, இரண்டு பொலித்தீன் பையில் போட்டு, பெரிய பெட்டியின் நடுவில் துணிக்குள் வையுங்கள். இறைச்சி, நெய், பால் பொருட்கள் எதையும் வைக்க வேண்டாம், பிரித்தானியாவுக்குள் விட மாட்டார்கள். மிளகாய்த்தூளையும் பெரிய பெட்டியிலேயே வையுங்கள். செக்-இன்னில் பெட்டி போட்டதும் உங்கள் மைல்ஸ் எண் போர்டிங் பாஸில் அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள், இல்லாவிட்டால் கவுண்டரிலேயே சொல்லிப் போடலாம். துண்டுகளை எறியாதீர்கள்.